வண்டி அடங்கட்டும்

கொஞ்சம் பொறுங்கள் சார், இப்போதே ஏற வேண்டாம். இந்த ஆட்டத்தில் பையை உள்ளே வைத்தால் அது தானாகவே இறங்கி வந்துவிடும். காலையில் முதல் ஸ்டார்ட் இப்படித்தான். குளிர் விடட்டும். இன்ஜின் ஒரு நிலைக்கு வந்த பிறகு பாருங்கள், மடியில் டம்ளரை வைத்துக்கொண்டு காப்பி குடிக்கலாம். ஒரு சொட்டு சிந்தாது.

டீக்கடைக்காரன்தானே அனுப்பினான்? முதல் பஸ் மக்கர் பண்ணினால் அவனுக்கு என் ஞாபகம் வரும். மற்ற நாளில் வராது. போகட்டும். ரயில் மத்தியானம்தானே, கோயம்புத்தூருக்குத் தாராளமாகப் போய்விடலாம். வால்பாறையிலிருந்து இறங்குகிற அந்த நாற்பது வளைவையும் கண்ணைக் கட்டிவிட்டாலும் நான் ஓட்டுவேன்.

ஏறும்போது முன்னால் உட்காருங்கள். பின்சீட் வேண்டாம். இடது பக்கம் என்றால்கூடப் பரவாயில்லை, என் முதுகுக்குப் பின்னால் இருக்கிற இடம் மட்டும் வேண்டாம். ஏன் என்று கேட்காதீர்கள். சொல்லத்தான் போகிறேன்.

பழைய வாடகைக் கார்தான். மீட்டர் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பூஜ்யத்துக்கு வந்து, மறுபடியும் பாதிக்கு மேல் ஏறிவிட்டது. ஆனால் ஓட்டத்தில் குறை சொல்ல முடியாது. இந்த விடியற்கால நடுக்கம் ஒன்றுதான். இந்த நடுக்கத்தை யாரும் கண்டுபிடிக்கவில்லை என்று நினைக்காதீர்கள். கண்டுபிடித்தாகிவிட்டது. கண்டுபிடித்தவன் கீழே இருக்கிறான். அதோ, இந்தப் படிகள் போய் முடிகிற இடத்தில் தகரக் கூரை தெரிகிறதே, அதுதான் அவன் பட்டறை. பக்கத்தில் நிற்பது அவன் ஜீப். தொம்மை என்று பெயர். என் மச்சினன். என் மனைவி சந்தனமேரிக்கு ஒரே தம்பி.

இங்கிருந்து கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். ஆனால் கூப்பிடுகிற ஆள் நானா?

இருங்கள், சோக்கைக் கொஞ்சம் வெளியே இழுத்துக்கொள்கிறேன். அணைந்துவிடக் கூடாது.

எல்லாம் என் மகள் ஜெசிந்தாவின் கல்யாணத்தில் ஆரம்பித்தது சார். கல்யாணம் பொள்ளாச்சியில். மாப்பிள்ளை வீட்டார் மரியாதையான மனிதர்கள். பந்தி முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த நேரம். சம்பந்தி எல்லோர் முன்னாலும் என்னைப் புகழ்ந்தார். இந்த மலைப்பாதையில் இத்தனை வருஷம் ஒரு கீறல் இல்லாமல் ஓட்டுகிற கை இன்னாசி கை என்றார். இன்னாசி நான்தான். நான் எழுதப் படிக்க அதிகம் தெரியாதவன். மூன்றாவதோடு நின்றுவிட்டேன். என்னை ஒருவர் சபையில் புகழ்ந்தது அதுதான் முதல் தடவை. அப்போது தொம்மை வாயைத் திறந்தான்.

"அத்தானுக்கு ஸ்டியரிங் புடிக்கச் சொல்லிக்குடுத்ததே நான்தான். மொத நாளு வண்டியக் கொண்டுபோயி நேரா கோழிக்கூட்டுல விட்டாரு. ரெண்டு கோழி போச்சு. அன்னிக்கு வீட்ல கோழிக்குழம்பு."

எல்லோரும் சிரித்தார்கள். சம்பந்தி வெற்றிலை புரையேறுகிற மாதிரி சிரித்தார். சந்தனமேரியும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள், அதையும் பார்த்தேன். உண்மைதான் சார், அவன்தான் கற்றுக்கொடுத்தான். எஸ்டேட் வொர்க்‌ஷாப்பில் சின்ன வயதிலேயே சேர்ந்தவன், என்னைவிட இளையவன் என்றாலும் அவனுக்குத்தான் வண்டி முதலில் தெரியும். ஆனால் உண்மை என்பதற்காக எங்கே வேண்டுமானாலும் சொல்லலாமா? அதுவும் இரண்டு கோழி இல்லை. ஒரு கோழிதான். இன்னொன்று பயத்தில் ஓடிப்போய் இரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்தது. அதை இன்றைக்கு வரை அவன் திருத்திச் சொல்லவில்லை.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் அவனைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். இனி என் வண்டி உன் பட்டறையில் ராத்தங்காது, நான் கூப்பிடாமல் நீ என் வாசல் ஏறக்கூடாது என்று. எங்களுக்குள் அது ஒரு கணக்கு சார். பகலில் போய் வருவது வியாபாரம். ராத்தங்குவது உறவு. பகையாளி வீட்டில் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கலாம், பாயை விரிக்கக் கூடாது. வண்டிக்கும் அதே சட்டம்தான். என் வண்டி நான் மாதிரி.

அவன் தலையைக் குனிந்துகொண்டு படியிறங்கிப் போனான். அப்படிப் போனவன் நான் சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டான். அவ்வளவு பிடிவாதம்.

அதற்குப் பிறகுதான் வண்டிக்கு இந்த நோய் வந்தது. விடியற்காலையில் ஸ்டார்ட் செய்தால் ஒரு கால் நொண்டுகிற மாதிரி நடுங்கும். பின்னால் வெள்ளைப் புகை வரும். சில நாள் அணைந்துபோகும். மறுபடி போட்டால் இருமி இருமி எழுந்திருக்கும். கொஞ்ச நேரத்தில் ஒன்றுமே நடக்காத மாதிரி சீராகிவிடும். அதன் பிறகு அன்றைக்கு முழுக்க எத்தனை தடவை அணைத்து எடுத்தாலும் ஒரு குறை இருக்காது. மறுநாள் விடிந்தால் மறுபடியும் அதே நொண்டல்.

வேறு மெக்கானிக்கிடம் போகாமல் இருப்பேனா? பொள்ளாச்சிக்குச் சவாரி போகிறபோதெல்லாம் காட்டினேன். ஆனால் மலை இறங்கிப் போய்ச் சேருவதற்குள் இன்ஜின் கொதித்துக்கொண்டிருக்கும். நடுக்கம் எங்கே, காட்டுங்கள் என்பார்கள். நான் எங்கே காட்டுவது? ஒருவர் பிளக் எல்லாம் மாற்றினார். ஒருவர் கார்ப்புரேட்டரைக் கழற்றிப் பெட்ரோலில் குளிப்பாட்டினார். இன்னொருவர் இன்ஜின் உட்காருகிற ரப்பர் தேய்ந்துவிட்டது என்று புது ரப்பர் போட்டார். ஒருவர் என்னைப் பார்த்தே சிரித்தார், பெரியவரே, காலையில் எழுந்ததும் உங்களுக்கு முட்டி வலிக்காதா, வண்டிக்கும் வயசாகிவிட்டது என்று. அதெல்லாம் ஒரு பதிலா?

கடைசியில் சந்தனமேரி நச்சரித்துத்தான் தொம்மையிடம் போனேன். பகலில். முதல் சவாரி முடித்துவிட்டு. வியாபாரமாக.

அவன் பானெட்டைத் திறந்து, நீளத் திருப்புளியின் ஒரு முனையை இன்ஜினில் ஊன்றி, மறுமுனையைக் காதில் வைத்து ரொம்ப நேரம் கேட்டான். பிறகு நிமிர்ந்து, சூட்டில் இது தெரியாது என்றான். ராத்திரி முழுக்க வண்டி இங்கேயே ஆறட்டும், விடியும்போது யாரும் சாவி போடுவதற்கு முன்னால் நான் தொட்டுப் பார்க்க வேண்டும், ஒரு காலை போதும் என்றான். இங்கே விட மனமில்லை என்றால் விடியற்காலையில் நான் மேலே வந்து பார்க்கிறேன், ஒரு வார்த்தை கூப்பிடுங்கள் போதும் என்றான்.

தந்திரத்தைப் பார்த்தீர்களா சார்? ஒன்று, வண்டி அவன் பட்டறையில் ராத்தங்க வேண்டும். இல்லையென்றால் நான் அவனை வாசலுக்குக் கூப்பிட வேண்டும். எந்தப் பக்கம் போனாலும் தோற்பது நான். தொழில் தெரிந்தவன் என்றால் சூட்டிலேயே கண்டுபிடி என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இதோ, அணைந்துவிட்டது. பயப்படாதீர்கள். மறுபடி போடுகிறேன். வா, வா, எழுந்திரு. ம். வந்துவிட்டது. இந்த வாசனை வருகிறதா உங்களுக்கு? லேசாகத் தித்திப்பாக? அது அந்த வெள்ளைப் புகையின் வாசனை.

சந்தனமேரி இந்த நடுக்கத்துக்குப் பழகியிருந்தாள். காலையில் பூசைக்குப் போகிற நாளில் பின்சீட்டில் என் முதுகுக்குப் பின்னால் உட்காருவாள். வண்டி ஆடும்போது ஒரு கையை நீட்டி என் சீட்டின் முதுகில் உள்ளங்கையைப் பதித்துக்கொள்வாள். பிடிமானத்துக்கு. அந்த அழுத்தம் எனக்குத் தெரியும். வண்டி சீரானதும் கையை எடுத்துக்கொள்வாள். அந்தக் கை விலகினால்தான் நான் கியரைப் போடுவேன். அப்படி ஒரு பழக்கம் ஆகிவிட்டது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம். இதே மாதிரி பனி. விடிவதற்கு முன்னால் எழுந்து உட்கார்ந்து நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தாள். அந்தக் குளிரில் அவளுக்கு வியர்த்திருந்தது சார். ஸ்வெட்டரைப் போட்டுவிட்டு, கையைப் பிடித்துக் கொண்டுவந்து பின்னால் உட்கார வைத்தேன். சாவியைப் போட்டேன். நடுங்கியது, அணைந்தது. மறுபடி போட்டேன். அணைந்தது. அவள் கையை என் முதுகில் வைத்தாள்.

"தொம்மையக் கூப்பிடுங்க. ஜீப்பு கீழதான நிக்குது."

வண்டி அடங்கட்டும் என்றேன்.

இன்னொரு தடவை சொன்னாள். வண்டி அடங்கட்டும் என்று நானும் இன்னொரு தடவை சொன்னேன். நடுக்கத்தோடு எடுத்தால் இந்தப் பாதையில், வேலியோரமாகத் திரும்புகிற இடத்தில் அணைந்து நிற்கும் என்று எனக்குத் தெரியும். அங்கே நின்றுவிட்டால் அதுதான் தாமதம். ஜீப் ஸ்டார்ட் ஆகி மேலே வருவதற்குள் என் வண்டி அடங்கிவிடும். நான் யோசித்துத்தான் செய்தேன். மூன்றாவது தடவை அவள் வாயால் சொல்லவில்லை. கையால் அழுத்தினாள். நல்ல அழுத்து.

பிறகு இன்ஜின் சீரானது. பார்த்தாயா, சீராகிவிட்டது என்று சொல்லி எடுத்தேன். கீழே தொம்மை ஜீப்பை ஸ்டார்ட் செய்து வைத்துக்கொண்டு ரோட்டில் நின்றான். எப்படித் தெரிந்ததோ. கையை ஆட்டினான். நான் ஹாரன் அடித்துக்கொண்டே அவனைத் தாண்டிப் போனேன்.

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கிப் பின்கதவைத் திறந்தபோதும் அவள் கை என் சீட்டின் மேல்தான் இருந்தது.

கொஞ்சம் முன்னால் வந்திருக்கலாமே என்றார் டாக்டர். டாக்டர்கள் எல்லோரிடமும் அப்படித்தான் சொல்வார்கள் போலிருக்கிறது. இப்போது நீங்களே சொல்லுங்கள், குற்றம் யாருடையது? அவன் அன்றைக்கே சூட்டில் கண்டுபிடித்திருந்தால் வண்டி அந்தக் காலையில் நடுங்கியிருக்குமா?

இல்லை, நீங்கள் பதில் சொல்ல வேண்டாம். பையைக் கீழே வையுங்கள், கை வலிக்கும்.

அடக்கத்தன்று அவன் பிறந்த வீட்டுக் கோடிச் சேலையைத் தட்டில் வைத்துக்கொண்டு கீழே அந்தக் கடைசிப் படியில் வந்து நின்றான். சாவுக்குக் கூப்பிட வேண்டியதில்லை என்பது ஊருக்கே தெரியும். எதிரிகூட வரலாம். ஆனால் அவன் ஏறவில்லை. கூப்பிடாமல் ஏறாதே என்று சொன்னேன் அல்லவா, அதை எல்லோர் முன்னாலும் எனக்குச் சொல்லிக் காட்டுகிறான். நான் கூப்பிடவில்லை. கோயில் உபதேசியார்தான் இறங்கிப்போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்தார். அக்காவுக்குச் சேலையைப் போர்த்திவிட்டு என் பக்கம் திரும்பாமல் இறங்கிப் போய்விட்டான்.

அதற்கப்புறம் நான் வண்டியை எடுத்தது முப்பதாம் நாள் பூசைக்கு. அன்றைக்குத்தான் முதல் தடவை. சாவி போட்டேன், ஆடியது, என் முதுகில் கை விழுந்தது.

சிரிக்காதீர்கள். சீட்டுக்குள் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும் என்று நானும்தான் நினைத்தேன். பிரித்துக் காட்டினேன். சீட் தைக்கிறவர் ஒன்றும் இல்லை என்றார். ஆடுகிறவரை கை இருக்கிறது. சீரானதும் விலகுகிறது. ஐந்து விரலும் தெரிகிறது சார். அதனால்தான் அந்த இடத்தில் யாரையும் உட்கார விடுவதில்லை.

போன மழையில் என் வாசலுக்கு ஏறுகிற பாதை இடிந்து விழுந்தது. வண்டி மேலே வர வழியில்லை. சமதரையாக இருக்கிற இடம் தொம்மையின் பட்டறை ஒன்றுதான். நான் பட்டறையில் விடவில்லை. பட்டறைக்கு எதிரில், பொது ரோட்டின் ஓரத்தில் விட்டேன். அது சர்க்கார் இடம். நன்றாகப் பூட்டிவிட்டு, நடந்து மேலே வந்து படுத்தேன்.

விடிந்ததும் இறங்கிப் போனால், மப்ளரைச் சுற்றிக்கொண்டு வண்டிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறான். கையில் பிளக் ஸ்பானர். மப்ளர் மேலெல்லாம் பனி. எப்போதிருந்து உட்கார்ந்திருந்தானோ. வண்டியை அவன் தொடவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

"சாவி போட்றாதீங்க அத்தான். ஒரே ஒரு தடவ பாத்துக்கிறேன்."

கொழுந்து பறிக்கப் போகிற பெண்கள் கூடையோடு நின்று பார்க்கிறார்கள். பொது ரோட்டில் முடியாது என்று எப்படிச் சொல்வது? பானெட்டைத் திறந்துவிட்டேன். பிளக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் துணியில் வரிசையாக வைத்தான். முதல் இரண்டும் காய்ந்திருந்தன. மூன்றாவது நனைந்திருந்தது. அதை மூக்கருகே கொண்டுபோனான், பெட்ரோல் இல்லை என்றான். விரலால் தொட்டு வெளிச்சத்தில் காட்டினான். பச்சை. நான் ரேடியேட்டரில் ஊற்றுகிற அதே பச்சைத் தண்ணீர். பிளக் இல்லாமலே சாவியைத் திருப்பச் சொன்னான். திருப்பினேன். அந்த ஓட்டையிலிருந்து தண்ணீர் பீச்சி அவன் சட்டை முழுக்க அடித்தது.

இன்ஜினுக்கும் அதன் மேல்மூடிக்கும் நடுவில் ஒரு தகடு இருக்கிறது சார், ஹெட் கேஸ்கெட் என்பார்கள். அதில் மயிரிழைக் கசிவு. ராத்திரி முழுக்க வண்டி சும்மா நிற்கும்போது தண்ணீர் சொட்டுச் சொட்டாக அந்தச் சிலிண்டருக்குள் இறங்கும். காலையில் அந்த ஒன்று எரியாது, மற்றவை அதையும் சேர்த்து இழுக்கும். அதுதான் நொண்டல். தண்ணீர் புகையாகப் போய்த் தீர்ந்ததும் சீராகிவிடும். சூட்டில் தகடு விரிந்து கசிவும் மூடிக்கொள்ளும். பகலில் யார் பார்த்தாலும் தெரியாது.

தொம்மை அந்த நனைந்த பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டான். கூடைக்காரப் பெண்கள் இருக்கிறார்களே என்றுகூடப் பார்க்கவில்லை. கண் நிறைந்துவிட்டது.

"ஒரு காலை போதும்னு சொன்னேனே அத்தான். ஒரே ஒரு காலை."

கேட்டீர்களா சார்? அவன் வாயாலேயே ஒத்துக்கொண்டான். ஒரு காலையில் கண்டுபிடிக்கிற விஷயம்தான் என்று அவனே சொல்கிறான். அப்படியென்றால் இத்தனை நாள் எங்கே போனான்? இதைத்தான் நான் எல்லோரிடமும் சொல்கிறேன். எல்லோரும் வேறு எங்கேயோ பார்க்கிறார்கள். நீங்களும் பாருங்கள், ரோட்டைப் பார்க்கிறீர்கள்.

ஹெட்டை இறக்கிப் புதுத் தகடு போட்டுத் தருகிறேன், இனி நடுங்கவே நடுங்காது என்றான். நான் பிளக்கை அவன் கையிலிருந்து வாங்கி நானே மாட்டினேன். வேண்டாம் என்றேன். அவன் தொட்டுச் சரியாகிவிட்டால் ஊர் என்ன பேசும்? அன்றைக்கே தொட்டிருந்தால் என்று பேசும். அந்தப் பேச்சு எனக்கு எதற்கு? அப்புறம், நடுங்காத வண்டியில் என் முதுகில் கை எப்படி விழும்? அதை விடுங்கள். அது வேறு விஷயம்.

பாதையைச் சரிசெய்து வண்டி மேலே வந்துவிட்டது. இப்போது தினமும் நான் ஸ்டார்ட் செய்கிற சத்தம் கேட்டதும் மப்ளரைச் சுற்றிக்கொண்டு அந்தக் கடைசிப் படியில் வந்து நிற்கிறான். சீராகிற வரை நிற்பான். சீரானதும் போய்விடுவான். வேடிக்கை பார்க்க வருகிறான் சார், வேறென்ன. இதோ, இப்போதும் நிற்கிறான் பாருங்கள். தலை தெரிகிறதா?

இன்றைக்கு என்னவோ அதிக நேரம் எடுக்கிறது. கொஞ்ச நாளாகவே அப்படித்தான். புகையும் முன்னைவிட அடர்த்தி. பொறுங்கள், பொறுங்கள். ஆக்சிலேட்டரைக் கொஞ்சம்... ம்ஹூம்.

அணைந்துவிட்டது.

மறுபடி போடுகிறேன். இன்ஜின் திரும்பவே மாட்டேன் என்கிறது. கேட்டீர்களா அந்தச் சத்தத்தை? டக்கென்று முட்டி நிற்கிறது. உள்ளே தண்ணீர் நிறைந்துவிட்டது போல. இதற்கு மேல் திருப்பினால் உடைந்துவிடும். எனக்கும் அவ்வளவு தெரியும்.

சார். வண்டி நின்றுவிட்டது. ஒரு ஆட்டம் இல்லை. ஆனால் கை விலகவில்லை. என் முதுகைப் பாருங்கள். பின்னால் பார்க்க வேண்டாம், என் முதுகை மட்டும் பாருங்கள். சட்டை அமுங்கியிருக்கிறதா? அழுத்துகிறாள் சார். அன்றைக்கு மூன்றாவது தடவை அழுத்தின மாதிரியே அழுத்துகிறாள்.

உங்களுக்கு ரயில் இருக்கிறது. அவன் ஜீப் கீழேதான் நிற்கிறது. ஒரு காரியம் செய்யுங்கள், நீங்கள் கூப்பிடுங்கள். தொம்மை என்று சொன்னால் போதும், மேலே வருவான். நான் கூப்பிட்டதாகச் சொல்ல வேண்டாம். சவாரிக்காகக் கூப்பிடுகிறோம், அவ்வளவுதான். இல்லை, நான் கூப்பிட்டதாகச் சொன்னால்தான் ஏறுவான். சரி, அப்படியே சொல்லுங்கள். இன்னாசி கூப்பிடுகிறான் என்று சொல்லுங்கள்.

உரக்கச் சொல்ல வேண்டியதில்லை சார். கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான்.